ஞாயிற்றுக்கிழமைச் சலவை

"என்னங்க, அங்க பாருங்க! ஞாயித்துக்கிழமையும் அதுவுமா துணி காயுது!"

கிரிஸல் அம்மாள் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது.

கடலோரச் சலவைத் திடலில் கொடி முழுக்கப் படுக்கை விரிப்புகள் படபடத்தன. நகரசபை புதிதாகப் போட்ட குழாயடியில், மீனவரின் விதவை மார்ஜரி லோர்னி இன்னொரு விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

எங்கள் போர்ட்லோரனில் கர்த்தரின் ஓய்வுநாளான ஞாயிறன்று கைக்குட்டையைக்கூட யாரும் அலச மாட்டார்கள். ஸ்காட்லாந்தின் இந்தக் கடற்கரை முழுக்கவே அப்படித்தான்.

கிரிஸலின் கணவர் கில்பர்ட் டத்தி பெரிய மீன் வியாபாரி, திருச்சபை மூப்பரும்கூட. விறுவிறுவென்று திடலில் இறங்கினார்.

"மார்ஜரி! மணி அடிக்கிறது காதுல விழலையா?"

"விழுதுங்க ஐயா."

"வாரத்துல மத்த ஆறு நாள் உனக்குப் போதாதா?"

"மத்த நாள்ல திடல் நிறைய ஆளுங்க இருக்காங்களே ஐயா."

"மகாராணிக்குத் தனித் திடல் கேக்குதோ?" கிரிஸல் நொடித்தாள். "மேட்டுக் கிணத்துலேர்ந்து தண்ணி சுமந்த காலத்துல ஒருத்தியும் ஞாயித்துக்கிழமை துவைக்கல. குழாயைத் திறந்தா கொட்டுதுல்ல, அந்தக் கொழுப்பு!"

மார்ஜரி விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள்.

"சபையில குத்தவாளின்னு உன் பேரை வாசிச்சா கோயில்ல திருவிருந்துல உட்கார முடியாது. தெரியுமில்ல?" என்று மிரட்டினார் டத்தி.

"தெரியும் ஐயா. புருஷன் கடலோட போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அந்தக் கோயில் ஒண்ணுதான்."

"அப்ப எடு இதையெல்லாம்!" டத்தியே ஒரு விரிப்பை இழுக்கப் போனார்.

"தொடாதீங்க ஐயா! காய்ச்சல்காரங்க விரிப்பு. கொதிக்க வெச்சுத்தான் அலசினேன், இருந்தாலும் வேணாம். மத்த நாள்ல பச்சப்புள்ளைங்களோட பொம்பளைங்க வருவாங்க. அதான் ஆள் இல்லாத நாளாப் பாத்து வர்றேன்."

கிரிஸல் சட்டென்று பின்வாங்கினாள்.

"காய்ச்சலா? யாருக்கு?"

"துறைமுகத்துக்கு அந்தாண்ட, பழைய படகுக் கொட்டாயில ரெண்டு பொண்ணுங்க கிடக்குதுங்கம்மா. யாரும் எட்டிப் பாக்கல. நான்தான் ஓட்ஸ் கஞ்சி கொடுத்துட்டு வரேன்."

"எந்த ஊர்ப் பொண்ணுங்க?" மூப்பரின் அதட்டல் குறைந்திருந்தது.

"தீவுலேர்ந்து வந்ததுங்க ஐயா. உங்ககிட்ட மீன் அறுத்துக்கிட்டிருந்த பொண்ணுங்கதான்."

"அதுங்களை... படுத்த அன்னிக்கே ஊருக்குப் போகச் சொல்லி அனுப்பிட்டேனே?"

"எழுந்து நிக்கவே முடியலையே. எப்படி ஐயா படகேறிப் போகும்?"

கோயிலில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கணவன், மனைவி இருவரும் நகரவில்லை.

மார்ஜரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்னவ இன்னிக்குக் காலையிலதான் ஐயா கண்ணு முழிச்சா. முழிச்சதும் என்ன சொன்னா தெரியுங்களா? 'வேலைக்கு வராம படுத்துட்டேனே, முதலாளி கோவிச்சுக்குவாரு. எனக்காக அவருகிட்ட கொஞ்சம் மன்னிப்புக் கேட்டுடுங்க'ன்னா."