குளித்துவிட்டு ஏற்றும் விளக்கு

ஏழாயிரம்பண்ணையில் பொழுது சாய்கிறது. பட்டாசு கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பாண்டிச்செல்வி, கடலைக் காட்டில் ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறாள். இலையின் இரு தோலுக்கும் நடுவே பச்சையத்தைத் தின்றபடி நூலாய் ஒரு புழு நெளிகிறது. பக்கத்து இலையை மடித்து இன்னொரு புழு கூடு கட்டியாயிற்று. கூட்டை விட்டு வெளிவந்த, நெல்மணியளவுகூட இல்லாத அந்துப்பூச்சி ஒன்று, அடுத்த முட்டைக்கு இடம் தேடுகிறது.

“ஆட்டை விட்டு மேய்ச்சிருவோம், செல்வி,” என்கிறான் புருஷன் முனியராஜ்.

“ஆடு திங்கவா வெதச்சோம்? தண்ணிச் சட்டிக்கு மேல விளக்கக் கட்டுங்க. பூச்சி வெளிச்சத்துக்கு வந்து விழட்டும்.”

கட்டிவிட்டுத் தீப்பெட்டியை நீட்டுகிறான். அவள் சட்டென விலகுகிறாள். முழங்கை வரை வெள்ளியாய் மினுங்குகிறது வெடிமருந்து.

“மேலெல்லாம் மருந்து. குளிச்சிட்டு வந்து நானே பத்த வைக்கேன்.”

ஈரக்கூந்தல் சொட்டச் சொட்ட வந்து குச்சியைக் கிழிக்கிறாள். சுடர் நிமிர்கிறது. முதல் பூச்சி வட்டமிடுகிறது.

“வாடி வா,” என்கிறாள். “எங்க காட்டுல இனி முட்டை வச்சிரு, பாப்போம்.”