இன்னொரு தடவை

பாதிக்கப்பட்டவரும் சிறுவனும் மனம்விட்டுப் பேசுவதற்கென்று கூர்நோக்கு இல்லத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சங்கிலியைப் பறித்து அமுதவல்லியை ஸ்கூட்டரிலிருந்து தள்ளிவிட்ட பையன் அவள் காலில் விழுந்தான்.

“வீடியோ சரியா வரல. இன்னொரு தடவ விழு தம்பி,” என்றார் செல்போனைப் பிடித்திருந்த அதிகாரி.

விழுந்தான். அவன் நெற்றி வியர்வை பாதத்தில் பிசுபிசுத்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“எந்திரி. என் மொகத்தப் பாரு.”

பார்த்தான். முன்பற்கள் இல்லாத இடத்தில் அவன் பார்வை நின்றுவிட்டது.

“ரொம்ப வலிச்சுதாக்கா?”

“இப்பவும் வலிக்குது.”

“அருமை,” என்றார் அதிகாரி. “இதையே கொஞ்சம் சத்தமா, இன்னொரு தடவ.”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அமுதவல்லி நாற்காலியை இழுத்து, செல்போனுக்கு முதுகைக் காட்டியபடி அவனை மறைத்து உட்கார்ந்தாள்.