பாக்கியத்துக்குப் பருத்தி நூல்

“அம்மா, உல்லன் வேணாம்மா. லான் அக்கா பருத்திதான் சரின்னு சொல்றாங்க.”

தங்கம் கையிலிருந்த ரோஸ் நிற உல்லன் உருண்டையைக் கீழே வைக்கவில்லை. சிங்கப்பூர் பீப்பிள்ஸ் பார்க் சந்தையின் நெரிசலில், அந்த நூல்கடை முன்னால் நின்றபடியே மகளை முறைத்தாள்.

“பாத்திரம் துடைக்கிற துணி ரெண்டு பின்னிட்டு வரச் சொன்னாங்க, அவ்வளவுதானே? இதுல பின்னினா எவ்ளோ அழகா இருக்கும்!”

“அழகா இருந்து என்னம்மா பண்றது? தண்ணியை உறிஞ்சணும்லா!”

பாக்கியலட்சுமிக்குப் பள்ளியில் டொமஸ்டிக் சயன்ஸ் பரீட்சை. பின்னல் வேலைக்கு நிறைய மார்க் உண்டு. ரிப்பனோ பட்டனோ நூலோ, சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எல்லாம் இந்தக் கடையில்தான்.

 சீனக் கடைக்காரி லான் கிளாஸிலிருந்து கொஞ்சம் தண்ணீரைப் பலகைமேல் ஊற்றி, ஒரு பிடி உல்லன் நூலால் துடைத்தாள். தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடியது. பிறகு பருத்தி நூலை வைத்து அழுத்தினாள். பலகை காய்ந்துவிட்டது.

“பாத்தீங்களாம்மா!” பாக்கியம் கைதட்டினாள்.

தங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வீட்ல உங்கப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சுத்தானே துடைக்கிறோம்? அது பருத்தின்னு எனக்குத் தெரியாதா?”

மகள் காதில் அது விழவே இல்லை. ஒரு தடித்த பருத்தி நூலை எடுத்து லானிடம் நீட்டினாள். லான் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“இது ரொம்பத் தடிப்பு. சீக்கிரம் காயாது, நாத்தம் அடிக்கும்,” என்றாள் மலாயில்.

பாக்கியம் வேத வாக்கைப்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஈரத்துணியைக் கொடியில் விரித்துப் போடு என்று தங்கம் வீட்டில் தினமும் கத்துகிறாள். அதற்கு ஒருநாளாவது இந்தப் பெண் இப்படித் தலையாட்டியிருக்கிறாளா?

கடைசியில் தங்கம் காட்டிய சிவப்பு நூலும் வேண்டாமென்று ஆயிற்று, சுடுதண்ணீரில் சாயம் இறங்குமாம். சாயம் போடாத நடுத்தர நூல் ஒன்றும், ஓரத்துக்கு இளநீலமும் முடிவாயின. எல்லாம் லானும் பாக்கியமுமாகப் பேசி எடுத்த முடிவு.

லான் பலகையைச் சுற்றி வெளியே வந்தாள். பின்னால் நின்று பாக்கியத்தின் கைகளைப் பிடித்து, இரண்டு ஊசிகளையும் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். பாக்கியத்தின் தலையில் இருந்த மல்லிகை லானின் கன்னத்தில் உரசியது. முதல் கண்ணி ஊசியில் விழுந்த பிறகும் லான் கையை விடவில்லை.

“சாப்டியா?” என்று கேட்டாள். சுத்தமான தமிழ்.

தங்கம் திடுக்கிட்டாள். “இவளுக்கு யாரு தமிழ் சொல்லிக் குடுத்தா?”

“நான்தாம்மா. அவங்கதான் கேட்டுக் கேட்டுக் கத்துக்கறாங்க.”

லான் இன்னொரு நீல உருண்டையை எடுத்துப் பொட்டலத்தில் வைத்தாள். “இது சும்மா.”

“சும்மா ஒண்ணும் வேணாம்!” தங்கம் அதை எடுத்துப் பலகைமேல் போட்டாள். “என் பிள்ளைக்கு வேணுங்கறதை நான் வாங்கித் தருவேன்.”

லானின் முகம் சுருங்கிப்போயிற்று.

 பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் பாக்கியம் கேட்டாள்: “ஏம்மா அப்படிப் பண்ணீங்க? பாவம்லா அவங்க.”

“அவ பாவமா? அவளைக் கண்டதும் உன் மூஞ்சி எப்படி மலருது! நான் ஒண்ணு சொன்னா எரிஞ்சு விழறே. பேசாம அவகூடவே போயி இருந்துக்க!”

சொன்ன பிறகுதான் தங்கத்துக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

பாக்கியம் அம்மாவையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “ஐயோ அம்மா! அவங்க கடைக்காரங்க. அவங்ககூடப் போயா போட்டி போடுறீங்க?” என்று அம்மாவின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள்.

 தங்கம் சில்லறையை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

“அந்தக் கச்சாங் பூத்தேக்காரர்கிட்ட கடலை வாங்கிக்கிட்டு இங்கயே நில்லு. இதோ வந்துடறேன்.”

அவள் திரும்பி வருவதைக் கண்டதும் லான் பயந்து எழுந்தாள்.

“கையைப் பிடிச்சது தப்புதான். இனிமே தொட மாட்டேன்,” என்று மலாயில் படபடத்தாள். “அந்தக் கோபத்துல அவளைக் கூட்டிட்டு வராம இருந்துடாதீங்க.”

தங்கத்துக்கு வாய்வரை வந்தது. இனி வரமாட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொஞ்ச நாளில் பாக்கியம் இந்தக் கடையை மறந்துவிடுவாள். அந்தச் சிரிப்பும் தலையாட்டலும் முழுசாக வீட்டுக்கு வந்துவிடும். யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை.

லானின் கலங்கிய கண்கள் தங்கத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அடுத்த மாசமும் கூட்டிட்டு வர்றேன், அழாதே,” என்றாள் தங்கம். “பெத்தவ கண்ணுல காட்டித்தான் வளர்ப்பேன்னு சொல்லித்தானே, அன்னைக்கு அவளை உன் கையிலேருந்து வாங்குனேன்?”