புதிய கணினியில் பழைய தேதி

"இன்னைக்கு 2009 மார்ச் பன்னெண்டுன்னு வச்சாத்தாங்க இது ஓடும்" என்று பணிவுடன் கூறிய வைஷ்ணவி, கணினியின் நாட்காட்டியைப் பதினாறு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளினார்.

அன்னவாசல் கடைவீதியில் கணினி ஜாதக நிலையம் நடத்திவரும் சோலையப்பன், அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். சென்ற வாரம் இடி விழுந்த நாளில் அவருடைய பழைய கணினி நின்றுபோயிற்று. புதுக்கோட்டையிலிருந்து வாங்கி வந்த புதிய கணினியோ, அவருடைய பழைய ஜாதக மென்பொருளை ஏற்கவே மறுத்துவிட்டது.

ஆகவேதான் கணினி பழுது பார்க்கும் வைஷ்ணவி வரவழைக்கப்பட்டிருந்தார். புதிய கணினிக்குள்ளேயே ஒரு தனி அறையைப்போல் இடம் ஒதுக்கி, அதில் பழைய விண்டோஸைக் குடிவைத்தார் அவர். திரையில் அந்தப் பழைய பச்சைப் புல்வெளி தோன்றியதும், சோலையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

ஆனால் குறுந்தகட்டிலிருந்து மீண்டும் ஏற்றிய மென்பொருள், தன் உரிமம் 2010ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டதாக அறிவித்து மூடிக்கொண்டது. பின்னர் புதுப்பித்த உரிமம் பழைய கணினியோடு போய்விட்டது. அதை விற்ற நிறுவனமும் இப்போது இல்லை. எனவே, இன்னும் 2009தான் நடக்கிறது என்று அதை நம்பவைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"தேதி மாறுனா கட்டம் தப்பாயிராதா பாப்பா?" என்று சோலையப்பன் கேட்டார்.

"கட்டமும் பொருத்தமும் பொறந்த நேரத்த வச்சுப் போடுறதுங்க, அது சரியா வரும். கடைசிப் பக்கத்துல வர்ற பலன மட்டும் படிச்சிறாதீங்க. அது இப்ப நான் வச்ச தேதியில இருந்து கணக்குப் போடும்."

அருகே பலகையில் அமர்ந்திருந்த நாகராசு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மூன்றாவது மகள் பரிமளாவுக்கு முப்பத்து மூன்று வயது. இதுவரை பதினொரு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மலேசியாவில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கும் சரவணக்குமார் பன்னிரண்டாவது வரன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். அன்று வெள்ளிக்கிழமையாதலால், பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும் முன்பே தட்டு மாற்றிவிட வேண்டும் என்று நாகராசு தாம்பாளத்தோடு வந்திருந்தார்.

கைப்பேசியிலேயே இலவசமாகப் பொருத்தம் பார்த்துவிடலாமே என்று வைஷ்ணவி முன்னரே சொல்லிப் பார்த்தார். நாகராசு இசையவில்லை.

"மூத்தவளுக்கும் நடுவுளவளுக்கும் இந்த புரோகிராமுலதாம்மா பாத்தேன். ரெண்டும் நல்லாருக்குக. இவளுக்கு மட்டும் செல்போன்ல பாத்தேன்னு தெரிஞ்சா என்னய வீட்டுக்குள்ள விடுவாளா?"

ஒன்பதே முக்காலுக்குச் சரவணக்குமார் வந்து சேர்ந்தார். பெற்றோரை இழந்தவர் அவர். ஜாதக நோட்டைக் கரையான் அரித்துவிட்டதால், பிறந்த நேரத்தைத் தாமே சொல்ல வந்திருந்தார். மனம் ஒத்துப்போன பிறகு ஜாதகம் எதற்கு என்று வாசலிலேயே மிகுந்த மரியாதையுடன் தயங்கினார். நாகராசு அவருடைய கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்துவிட்டார்.

புதிய கணினிக்குள் இருந்த பழைய கணினி நிதானமாகக் கணக்குப் போடத் தொடங்கியது. அந்த இடைவெளியில், மாப்பிள்ளைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஆளுயர ரோஜா மாலை சொல்லப்போவதாக நாகராசு பெருமையோடு தெரிவித்தார்.

"சம்பங்கி மாலையே போதுங்க மாமா" என்றார் சரவணக்குமார். "ரோஜா மாலை ரொம்பக் கனம். ரெண்டு நாளைக்குக் கழுத்தத் திருப்ப முடியாது."

மாப்பிள்ளையின் எளிமையை எண்ணி நாகராசு பூரித்துப்போனார். வைஷ்ணவியிடம்கூட, பார்த்தாயா என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு அச்சுப்பொறி தாள்களைத் துப்பியது. பத்துப் பொருத்தங்களில் எட்டு கூடியிருந்தன. சோலையப்பன் அதை உரக்க அறிவித்ததும், நாகராசு வெற்றிலை, பாக்கு, பழத்தைத் தாம்பாளத்தில் அடுக்கலானார். பதினொரு வரன்களுக்குப் பிறகு முதன்முறையாக அந்தத் தாம்பாளம் நிறைந்தது.

"தட்ட மாத்திக்கிருவோம் மாப்ள, எந்திரிங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் சோலையப்பனுக்குப் பல்லாண்டுப் பழக்கம் குறுக்கே வந்தது. கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் அவர் யாரையும் அனுப்பியதே இல்லை. மகிழ்ச்சி மிகுதியில் வைஷ்ணவியின் எச்சரிக்கையை மறந்து, மாப்பிள்ளையின் தாளைத் திருப்பிக் கணீரென்று வாசித்துவிட்டார்.

"'இந்த ஜாதகருக்கு எதிர்வரும் பத்து மாதங்களுக்குள், அதாவது 2010 தை மாதம், கடல் கடந்த தேசத்தில் திருமணம் இனிதே நடந்தேறும்.'"

வைஷ்ணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சோலையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். விவரம் தெரிந்த நாகராசும் வயிறு குலுங்கச் சிரித்து, கூறுகெட்ட கம்ப்யூட்டர் என்று அதைச் செல்லமாகத் திட்டினார். தேதி மாற்றிய கதையை மாப்பிள்ளையிடம் விளக்கிவிடலாம் என்று வைஷ்ணவி அவர் பக்கம் திரும்பினார்.

சரவணக்குமார் மட்டும் சிரிக்கவில்லை. முகமெல்லாம் வியர்த்திருக்க, மெல்ல எழுந்து, சோலையப்பனின் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தவாறே மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"புள்ளைங்க பேரும் போட்டிருக்குங்களா?"