தணிகாசலத்தின் கைப்பேசி

நூலகத்தின் இணையதளத்தைக் கவனித்துவந்த தணிகாசலம் இறந்து ஏழு மாதமாகியும், ‘அப்டேட் வந்திருக்கிறது’ என்ற அறிவிப்புகள் அவருடைய கைப்பேசிக்கே போயின. ஒவ்வொரு முறையும் அவர் மனைவி வேதவல்லி, புதிதாகப் பொறுப்பேற்ற இன்பராஜை அழைத்துப் படித்துக்காட்டுவார். அவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று இன்பராஜ் தளத்தில் சேர்த்திருந்த பிளகின்கள் என்ற துணைநிரல்கள் எல்லாவற்றையும் நோட்டில் வரிசையாகக் குறித்துக்கொண்டு, தானாகவே அப்டேட் ஆகும்படி அமைத்தான். அறிவிப்புகள் நின்றன. மூன்றாம் வாரம் வேதவல்லி அழைத்தார்.

“தம்பி, சைட்டை மூடிட்டீங்களா?”

“இல்லக்கா, நல்லா ஓடுது. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.”

“தொந்தரவா? அவர் போன் சத்தம் போட்டதே அதுக்கு மட்டுந்தான்பா.”

இன்பராஜ் நோட்டை மறுபடி புரட்டினான். இணையப் பக்கத்தின் ஓரத்தில் தேதி காட்டும் சின்னப் பிளகின் ஒன்றை மட்டும் பழையபடி அந்தக் கைப்பேசிக்கு அறிவிப்பு போகும்படி மாற்றிவைத்தான். அதற்கு அடுத்த அப்டேட் எப்போது வருமென்று எங்கும் போட்டிருக்கவில்லை.