சத்தம் வராத பிஸ்கட்

"இதைக் கடிச்சா சத்தம் வருமாம்மா?" என்று கேட்டார் பெரியவர்.

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருடமாக நாய்த் தீனிக் கடை நடத்துகிறாள். கோழி இருக்கா, கோதுமை இருக்கா என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். சத்தம் வருமா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"பிஸ்கட்னா மொறுமொறுன்னுதான் இருக்கும். ஏன், வீட்ல யாராச்சும் தூங்கறாங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்."

மழமழவென்று வழித்த கன்னமும் இஸ்திரி கலையாத சட்டையுமாக, நாய் பிஸ்கட் வாங்கவா மனிதர் இப்படிக் கிளம்பி வந்திருக்கிறார்! அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். வயிறு ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் பெயர், வயது, தின்றது, கழிந்தது எல்லாம் அட்டையில் ஏறாமல் ஒரு துண்டுகூட விற்க மாட்டாள். தெருவே அவளை 'நாய் டாக்டர்' என்று கேலி செய்யும்; அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

"விலாசம் சொல்லுங்க."

"பின்னாடி தெருவுல மாடி வீடு. சின்னவன் வீட்ல இருக்கேன்."

"உங்க வீட்டம்மா இருந்தா நாயைப் பாத்துப்பாங்கல்ல?"

"அவ இங்க இல்லம்மா."

கடைக்காரம்மா 'த்சு' கொட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். "சரி, கடைசியா என்ன குடுத்தீங்க?"

"கோழி பிஸ்கட். ரெண்டு நாள் வயித்தால போச்சு. அப்புறம் பால் சேர்த்த குச்சி ஒண்ணு, அதுக்கு வாந்தி. ரொட்டி போட்டுப் பாத்தேன், அதுவும் ஒத்துக்கல." அவர் குரல் இறங்கியது. "இன்னொரு தடவை அதுக்கு வயிறு கெட்டா எல்லாம் முடிஞ்சுதும்மா."

இந்தப் பேச்சை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். சொன்னவர்களில் பாதிப் பேர் அப்புறம் கடைப்பக்கம் வந்ததில்லை. அதை நினைத்ததும் அவளுக்கு மனசு கனத்தது.

கோழி போட்டதையெல்லாம் ஒதுக்கினாள். பால், கோதுமை, முட்டை என்று ஒவ்வொன்றாக ஒதுக்க ஒதுக்க அலமாரியே காலியாகிவிடும்போல் இருந்தது. கடைசியில் கீழ்த்தட்டில் மிஞ்சியது, காயவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பட்டை.

"இதுல கிழங்கைத் தவிர வேற எதுவும் கிடையாது. தோல் மாதிரி வளையும், சத்தமும் வராது."

பெரியவர் அதை வாங்கி, இரண்டு விரலை ஒட்டிவைத்து அளந்து பார்த்தார். "இவ்ளோ அகலம் நுழையாதும்மா. கம்பிக்கு நடுவுல ரெண்டு விரல் இடம்தான் இருக்கு."

கடைக்காரம்மாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கோபம். "கம்பிக்குள்ள அடைச்சா வெச்சிருக்கீங்க? அதான் வயிறு கெடுது! வாயில்லா ஜீவனை இப்படி வெச்சுட்டு, பிஸ்கட் தேடி என்ன பிரயோஜனம்?"

பெரியவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். "அது மூத்தவன் போட்ட கம்பிம்மா. இன்னொரு தடவை நாய்க்கு முடியலன்னா அதையும் தகரம் அடிச்சு மூடிடுவேன்னு சொல்லிட்டிருந்தான். என் காதுலயே விழுந்துச்சு."

"இருட்டுலயா? ஏங்க, பெத்த பிள்ளைதானே, நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"அவன் என்கிட்ட பேசியே ரெண்டு வருஷம் ஆச்சு."

கடைக்காரம்மா அவர் கையிலிருந்த பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கத்திரிக்கோலை எடுத்து, பட்டைகளை விரல் அகலத்துக்கு நறுக்க ஆரம்பித்தாள்.

"முதல் நாள் ஒரே ஒரு துண்டு குடுங்க. இதுவும் ஒத்துக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஒத்துக்கலன்னா, குடுக்க என் கடையில வேற எதுவும் இல்ல."

"தெரியும்மா. இருக்கிறவரைக்கும் பாக்கலாம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பரபரத்தார். "சீக்கிரம் குடுங்க. நாலரைக்குக் கொஞ்ச நேரம்தான் வெளிய விடுவாங்க. அதைத் தவறவிட்டா இனி நாளைக்குத்தான்."

துண்டுகளைப் பொட்டலம் கட்டினாள். நீட்டப்போனவள், அட்டையைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். முதல் வரியே காலியாக இருந்தது.

"பேரைச் சொல்லலையே?"

"என் பேரா?"

"நாயோட பேருங்க. பேர் எழுதாம குடுக்க மாட்டேன்."

"தெரியாதும்மா."

"வளக்கிற நாயோட பேர் தெரியாதா? நல்லா இருக்கே கதை!"

"அது மூத்தவன் வீட்டு நாய். நான் கேட்டுக்கு வெளிய நிக்கிறவன்." பொட்டலத்துக்காக நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. "அது குரைக்காம இருந்தாத்தான் உள்ள இருக்கிற என் வீட்டுக்காரியைப் பாக்க முடியும்."