ஓடாத வண்டி

“மச்சான், எடுத்ததைக் கொடுத்துடுங்க. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்” என்றார் பெயின்டர்.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மச்சான் மெதுவாக நிமிர்ந்தார். “எதை மாப்பிள்ளை?”

“ரோட்டரை. நேத்து நான்தானே மாட்டினேன்? இப்ப மூடியைத் திறந்தா காலி.”

கட்டைவிரல் அளவுச் சாமான்தான். ஆனால் அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. வண்டி தும்மக்கூடச் செய்யாது.

ஏணியும் பெயின்ட் டப்பாக்களும் ஏற்றிப்போக, அடிமாட்டு விலைக்கு வாங்கிய பழைய பிக்கப் வண்டி அது. வேலை விட்டு வந்தால் பெயின்டர் நேரே அதன் அடியில்தான் போய்ப் படுப்பார். துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, சீட்டுக்குப் புது உறை போட்டு, பளபளவென்று பச்சை அடித்தாகிவிட்டது. “எனக்குக்கூட இவ்வளவு செஞ்சதில்ல” என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவாள்.

பழைய கூட்டாளிகள் போன் செய்தால், “வண்டி வேலைடா, அப்புறம் பார்க்கலாம்” என்று வைத்துவிடுவார். அவர்களும் விடுகிற ஆட்களா? வண்டி கிளம்புகிற அன்றைக்குப் பாட்டிலோடு ஏறிக்கொள்வதாகச் சொல்லிவைத்திருந்தார்கள்.

அந்த நாள்தான் வந்தபாடில்லை. முதலில் கார்பரேட்டர் ஜெட் காணாமல் போனது. அலைந்து திரிந்து வேறு வாங்கிப் போட்டால், இக்னிஷன் காயிலின் ஒயரைக் காணோம். இப்போது இது.

“நான் பல் விளக்கிட்டு வர்றதுக்குள்ள பானெட்டைத் திறந்தது யாரு? நீங்கதானே?”

“ஆமா.”

“வண்டி வந்த அன்னிக்கே, ‘எனக்குக் கொடுத்துடுங்க மாப்பிள்ளை’ன்னு கேட்டீங்க. நான் அலுத்துப்போய் உங்ககிட்டயே தள்ளிவிடுவேன்னு பார்க்கறீங்க. உதவி பண்ற மாதிரி வந்து திருடறீங்களே, வெட்கமா இல்ல?”

மச்சான் வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“வர்றேன் மாப்பிள்ளை.”

“அண்ணே, நில்லு!” என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

பெயின்டருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திருடவில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே! முணுமுணுத்துக்கொண்டே, கழற்றின நட்டுகளை ஊறப்போட ஒரு டப்பா தேடிச் சமையலறைக்குள் போனார்.

மேல்தட்டில், கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பா. தூக்கினால் கனத்தது.

உள்ளே ஜெட். காயில் ஒயர். ரோட்டர். ஒவ்வொன்றையும் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, தனித்தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தது.

அவள் கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். டப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“நீயா?”

அவள் மறுக்கவில்லை. “இந்த வண்டி வந்ததிலேர்ந்து நீங்க குடிக்கலீங்க. கையெல்லாம் கிரீஸா வாசல்லயே கிடக்கறீங்க. எவன் கூப்பிட்டாலும் போறதில்ல. இது ஓட ஆரம்பிச்சிட்டா...”



தான் குடிக்கவில்லை என்பதே அவள் சொல்லித்தான் அவருக்கு உறைத்தது. ரோட்டரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஸ்பேனர் எது, ஸ்க்ரூ டிரைவர் எதுன்னே உனக்குத் தெரியாதே. எதை எடுத்தா வண்டி ஓடாதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கு எங்கேங்க தெரியும்? எல்லாம் அண்ணன் கழட்டிக் கொடுத்ததுதான். இப்பவும், ‘திருடன்ங்கற பேரு எனக்கே இருக்கட்டும், மாப்பிள்ளைகிட்ட நீ வாயைத் திறந்துடாதே’ன்னுதான் சொல்லிட்டுப் போறாரு.”